மந்திரியும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும்போது: இறுதியாட்டப் புதிர்களைத் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டச் சதுரங்கப் போட்டியில், வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்த ஓர் ஆட்டம் டிராவில் முடிந்தது. நான் வெள்ளை. என் ராஜா எஃப்4, மந்திரி இ4, சிப்பாய்கள் ஜி5, எச்5. எதிரே இருந்த முதியவரிடம் ஜி8-இல் ராஜாவும் டி8-இல் மந்திரியும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அவர் சற்றும் யோசிக்காமல் தம் மந்திரியை ஜி5-க்குக் கொண்டுவந்து என் சிப்பாயை வெட்டி, செக் என்றார். நான் மகிழ்ச்சியோடு அந்த மந்திரியை ராஜாவால் வெட்டினேன். அவர் ராஜாவை ஜி7-க்கு நகர்த்திவிட்டு, "டிராதானே, தம்பி?" என்று கேட்டார். ஒரு மந்திரியும் ஒரு சிப்பாயும் கூடுதலாக வைத்திருப்பவனிடம் இப்படியும் கேட்பார்களா என்று எரிச்சலோடு மேலும் இருபது நகர்வுகள் ஆடிப் பார்த்தேன். அவர் ராஜா எச்8 மூலையை விட்டு வெளியே வரவே இல்லை. கடைசியில் நானே அவருக்கு ஸ்டேல்மேட் கொடுத்தேன்: செக் இல்லை, ஆனால் நகரவும் இடமில்லை, அதனால் டிரா.

அன்று எனக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு செய்திதான்: எச்8 கறுப்புக் கட்டம், என் மந்திரியோ வெள்ளைக் கட்டங்களில் ஓடுவது. மந்திரியும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய புதிர்கள் அனைத்துக்கும் வாசல் இந்தக் கேள்விதான் என்று இப்போது என்னிடம் கற்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நகர்வுகளைத் தேடுவதற்கு முன்னால் நிறத்தைப் பார்க்க வேண்டும், அதன்பின் மூலைவிட்டங்களை அளக்க வேண்டும், அதன்பின் ராஜாவின் அடிகளை எண்ண வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் அரைமணி நேரம் போராடியும் விடை கிடைப்பதில்லை.

தொடங்குமுன் சொற்களைப் பற்றி ஒரு விளக்கம். பிஷப்பை மந்திரி என்றும், சிலர் கோட்டை என்று சொல்லும் காயை யானை என்றும், பான் எனும் காயைச் சிப்பாய் என்றும் இங்கே எழுதுகிறேன். சில ஊர்களில் ராணியையே மந்திரி என்று அழைக்கும் பழக்கம் உண்டு. அவர்கள் குழம்ப வேண்டாம். நெடுவரிசைகளை இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், கிடைவரிசைகளை வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரையும் குறிக்கிறேன். படங்கள் இல்லாததால், ஒவ்வொரு நிலையையும் ஒரு பலகையில் அடுக்கி வைத்துக்கொண்டு படிப்பதே நல்லது. கைபேசித் திரையைவிட உண்மையான பலகை மேல். காய்களை நகர்த்தாமல் கண்ணாலேயே நகர்த்திப் பார்க்கும் பயிற்சி அதில்தான் கைவரும்.

முதல் படி: நிறம்

ஒரு கட்டம் வெள்ளையா கறுப்பா என்பதைப் பலகையைப் பார்க்காமலேயே சொல்ல ஓர் எளிய கணக்கு உண்டு. ஏ-க்கு 1, பி-க்கு 2 என்று தொடங்கி எச்-க்கு 8 வரை எண் கொடுத்து, அதோடு கிடைவரிசை எண்ணைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இரட்டைப்படையானால் கறுப்புக் கட்டம், ஒற்றைப்படையானால் வெள்ளைக் கட்டம். எச்8 என்றால் 8+8=16, கறுப்பு. ஏ8 என்றால் 1+8=9, வெள்ளை. சில நாள்களில் இது மனப்பாடம் ஆகிவிடும்.

நிறம் தெரிந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இரு பக்கத்து மந்திரிகளும் ஒரே நிறக் கட்டங்களில் ஓடுகின்றனவா, எதிரெதிர் நிறங்களிலா? சிப்பாய் ராணியாகும் கட்டத்தைத் தன் பக்கத்து மந்திரியால் தொட முடியுமா? காக்கும் ராஜா நிற்கும் கட்டத்தைத் தாக்கும் மந்திரியால் எப்போதாவது தாக்க முடியுமா?

மூன்றில் இரண்டாவது கேள்விதான் என் அரைப் புள்ளியைத் தின்றது. ஏ அல்லது எச் நெடுவரிசையில் ஓடும் ஓரச் சிப்பாய் ராணியாகும் மூலையைத் தன் மந்திரியால் தொட முடியாவிட்டால், எதிரி ராஜா அந்த மூலையை அடைந்த உடனே ஆட்டம் டிரா. மேலே சொன்ன நிலையில் சிப்பாய் எச்6-க்கும் என் ராஜா ஜி6-க்கும் வந்தாலும், அவர் ராஜா ஜி8-க்கும் எச்8-க்கும் மாறி மாறி நடக்கும். எச்7 செக் கொடுத்தால் அது எச்8-இல் ஒண்டிக்கொள்ளும். சிப்பாயை விடாமல் இருக்க நான் ராஜாவை எச்6-இல் வைத்தால் அவருக்கு நகர இடமே இருக்காது, ஆனால் செக்கும் இருக்காது. அதனால் ஒரு புதிரில் காக்கும் பக்கம் தன் மந்திரியைச் சும்மா தூக்கிக் கொடுப்பதுபோல் தெரிந்தால், மிஞ்சும் சிப்பாய் ஓரச் சிப்பாயா, அதன் மூலை எந்த நிறம் என்று உடனே பாருங்கள். தாக்கும் பக்கத்திலிருந்து தீர்க்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். கடைசியில் கையில் மிஞ்சப்போவது தவறான நிறத்து ஓரச் சிப்பாய் என்றால், அந்த வழி எவ்வளவு அழகாக இருந்தாலும் விடை அதுவல்ல.

இரண்டாம் படி: மூலைவிட்டங்களை அளத்தல்

சிப்பாய் ராணியாகும் கட்டத்தை நோக்கி வரும் மூலைவிட்டங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் எத்தனை கட்டங்கள் என்று எண்ணுங்கள். பி8-ஐ எடுத்துக்கொண்டால், எச்2-இலிருந்து பி8 வரை செல்லும் மூலைவிட்டத்தில் ஏழு கட்டங்கள். ஏ7-இலிருந்து பி8 வரை செல்வதில் இரண்டே இரண்டு. டி8-க்கு வந்தால் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஐந்து. சிப்பாயைத் தடுக்கும் மந்திரிக்கு இந்த மூலைவிட்டமே சாலை. சாலை நீளமாக இருந்தால் ஒரு கட்டத்தில் விரட்டப்பட்டாலும் அதே சாலையில் வேறொரு கட்டத்துக்கு நகர்ந்துகொள்ளலாம். இரண்டு கட்டம் மட்டுமே உள்ள சாலையில் ஒதுங்க இடமில்லை.

இந்த எண்ணிக்கையின் அருமையை முதலில் முறையாக ஆராய்ந்தவர் 19ஆம் நூற்றாண்டில் ஜெனோவாவில் வாழ்ந்த இத்தாலிய ஆட்டக்காரர் லூயிஜி சென்டுரினி. ஒரே நிற மந்திரிகள், தாக்கும் பக்கத்துக்கு ஒரு சிப்பாய் கூடுதல் என்ற நிலைக்கு அவர் வகுத்த விதிகள் இன்றும் பாடமாக நடத்தப்படுகின்றன. காக்கும் ராஜா சிப்பாய்க்கு முன்னால், எதிரி மந்திரியால் தாக்க முடியாத நிறக் கட்டத்தில் நின்றுவிட்டால் டிரா. அங்கிருந்து அதை யாராலும் கிளப்ப முடியாது. ராஜாவால் முன்னால் வர முடியாமல் பின்னாலோ பக்கத்திலோ நின்றால், இரு மூலைவிட்டங்களிலும் குறைந்தது நான்கு கட்டங்களாவது இருக்கும்போது பொதுவாக டிரா கிடைக்கும். ஒன்று அதைவிடக் குறுகினால் பொதுவாகத் தாக்குபவர் வெல்வார். நடுச் சிப்பாயைவிடப் பி, ஜி நெடுவரிசைச் சிப்பாய்கள் ஆபத்தானவை என்பதற்குக் காரணம் இதுதான்.

அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நிலையை நிதானமாகப் பார்ப்போம். இந்த வகைப் புதிர்களில் இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்பது என் கருத்து. வெள்ளை: ராஜா சி8, மந்திரி டி8, சிப்பாய் பி7. கறுப்பு: ராஜா சி6, மந்திரி எச்2. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்.

பி8 கறுப்புக் கட்டம். இரு மந்திரிகளும் கறுப்புக் கட்டங்களில் ஓடுபவை. கறுப்பு மந்திரி எச்2-பி8 சாலையில் நின்று சிப்பாயைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. சிப்பாய் பி8-க்குப் போனால் மந்திரி அதை வெட்டிவிடும். அதன்பின் எஞ்சுவதை வைத்து வெல்ல முடியாது. ஆகவே அந்த மந்திரியை நீண்ட சாலையிலிருந்து அப்புறப்படுத்தி, இரண்டே கட்டமுள்ள ஏ7-பி8 சந்துக்குள் தள்ள வேண்டும். வெள்ளை மந்திரி பி8-க்கோ சி7-க்கோ வந்து நின்றுவிட்டால் வேலை முடிந்தது. பி8-க்குப் போகும் வழி ஏ7. சி7-க்குப் போகும் வழி டி8. இப்போது மந்திரி டி8-இல்தான் இருக்கிறது, ஆனால் சி7-ஐக் கறுப்பு ராஜா காவல் காக்கிறது. ஏ7 வழியைக் காக்க வேண்டுமென்றால் அந்த ராஜா ஏ6-க்குப் போக வேண்டும். இரண்டு வாசல், ஒரு காவலாளி. இதுதான் புதிரின் எலும்புக்கூடு.

முதல் முயற்சியாக 1. மந்திரி எச்4 என்று ஆடி, அடுத்து எஃப்2, ஏ7 என்று போகப் பார்க்கலாம். கறுப்பு உடனே ராஜா பி5 என்று கிளம்பும். 2. மந்திரி எஃப்2 – ராஜா ஏ6. சரியான நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டது; மந்திரி ஏ7-க்குப் போனால் ராஜா வெட்டிவிடும். அப்படியானால் காவலாளி இந்த வாசலில் இருக்கும்போது மறு வாசலுக்குப் போகலாமே? போனால் அவனும் திரும்பிச் சி6-க்கு வந்துவிடுவான். இரு பக்கமும் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு நகர்வு வித்தியாசத்தில் அவன் தப்பிக்கிறான். ஆகவே வெள்ளைக்கு வேண்டியது எங்காவது ஒரு நகர்வு இலவசமாகக் கிடைப்பது.

பெரும்பாலோர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுவார்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி: கறுப்பு மந்திரி நிற்கும் இடம் அதற்கு எவ்வளவு முக்கியம்? டி8-இல் நிற்கும் வெள்ளை மந்திரி எச்4, ஜி5, எஃப்6 ஆகிய கட்டங்களுக்குப் போக முடியும். எச்4 போனால் ஜி3-ஐத் தாக்கும். ஜி5 போனால் எஃப்4-ஐத் தாக்கும். எஃப்6 போனால் இ5-ஐத் தாக்கும். அதாவது கறுப்பு மந்திரி ஜி3, எஃப்4, இ5 ஆகிய மூன்றில் எதில் நின்றாலும், வெள்ளை மந்திரி ஏ7-க்குப் போகும் வழியிலேயே அதைத் தாக்கிவிட்டுப் போகலாம். தாக்கப்பட்ட மந்திரி நகர ஒரு நகர்வு செலவாகும். அந்த ஒரு நகர்வே நமக்கு வேண்டிய இலவசம். எச்2 ஒன்றில்தான் அதை அப்படித் தொட முடியவில்லை. எனவே கறுப்பு மந்திரியை எச்2-ஐ விட்டு வெளியே வரவைக்க வேண்டும்.

3. மந்திரி சி5! இது ஒரு வெறும் காத்திருப்பு நகர்வு, எதையும் மிரட்டவில்லை. ஆனால் கறுப்புக்கு ஏதாவது ஆடியாக வேண்டிய கட்டாயம். ராஜா ஏ6-ஐ விட்டு நகர்ந்தால் மந்திரி ஏ7 வந்துவிடும். டி6-க்கோ சி7-க்கோ போனால் மந்திரி வெட்டப்படும். மிஞ்சுவது ஜி3, எஃப்4, இ5 மட்டுமே. ஜி3 என்று வைத்துக்கொள்வோம். 4. மந்திரி இ7 – ராஜா பி5. 5. மந்திரி டி8 – ராஜா சி6. தொடக்க நிலையே திரும்ப வந்துவிட்டது, ஒரே ஒரு மாற்றத்தோடு: கறுப்பு மந்திரி எச்2-க்குப் பதில் ஜி3-இல் நிற்கிறது. 6. மந்திரி எச்4! வெட்டினால் சிப்பாய் ராணியாகிவிடும். 6... மந்திரி எச்2. 7. மந்திரி எஃப்2, இப்போது ராஜா ஒரு நகர்வு பின்தங்கிவிட்டது. 7... ராஜா பி5. 8. மந்திரி ஏ7 – ராஜா ஏ6. 9. மந்திரி பி8. கறுப்பு மந்திரி ஜி1-க்கு ஓடி மறு மூலைவிட்டத்தைப் பிடிக்கிறது. 10. மந்திரி எஃப்4 – மந்திரி ஏ7. இரண்டு கட்டச் சந்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. 11. மந்திரி இ3! வெட்டினாலும், நகர்ந்தாலும், நின்றாலும் பி7 சிப்பாய் ராணியாகிறது.

மூன்றாவது நகர்வில் கறுப்பு எஃப்4-ஐத் தேர்ந்தெடுத்தால் ஆறாவது நகர்வு ஜி5, அதன்பின் இ3 வழியாக ஏ7. இ5-ஐத் தேர்ந்தெடுத்தால் ஆறாவது நகர்வு எஃப்6, அதன்பின் டி4 வழியாக ஏ7. மூன்று கிளைகளையும் நீங்களே பலகையில் ஆடிப் பாருங்கள். ஒரு கிளையை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்த்துவிட்டேன் என்று எழுந்து போகும் பழக்கம்தான் போட்டியில் காலை வாரிவிடும்.

மூன்றாம் படி: மந்திரியின் வருகையை ராஜாவால் மறித்தல்

அடுத்த வகைப் புதிரில் தாக்கும் பக்கத்துக்கு மந்திரியே இல்லை, சிப்பாய்கள் மட்டும். எதிரி மந்திரி ஓடிவந்து சிப்பாயைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் புதிர் ஒன்றின் கருவை எடுத்து, பயிற்சிக்காக நான் சற்று மாற்றி அமைத்த நிலை இது. வெள்ளை: ராஜா இ4, சிப்பாய்கள் ஏ4, ஜி4. கறுப்பு: ராஜா எஃப்6, மந்திரி ஜி7. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்.

முதலில் நிறம். மந்திரி கறுப்புக் கட்டங்களில் ஓடுகிறது. ஏ8 வெள்ளைக் கட்டம், ஆகவே ராணியாகும் இடத்தில் அதனால் தடுக்க முடியாது. ஏ6-உம் வெள்ளை. ஏ5, ஏ7 இரண்டு மட்டுமே அது தொடக்கூடிய கட்டங்கள். சிப்பாய் ஏ6-ஐ அடைந்த பிறகு மந்திரி ஏ7-ஐப் பார்க்கும் சாலை ஒன்றில், அதாவது ஜி1-ஏ7 மூலைவிட்டத்திலோ பி8-இலோ, உடனே வந்து நின்றாக வேண்டும். பி8-க்கு அது வரக்கூடிய வழி எச்2-பி8 மூலைவிட்டம். நம் ராஜாவின் வேலை இந்தச் சாலைகளுக்குள் மந்திரி நுழையும் கட்டங்களை ஒவ்வொன்றாக அடைப்பது. இன்னொன்றையும் கவனியுங்கள்: எஃப்6-இல் நிற்கும் கறுப்பு ராஜா தன் மந்திரியின் நீண்ட மூலைவிட்டத்தைத் தானே மறித்துக்கொண்டு நிற்கிறது. இந்தப் புதிரில் அந்த ராஜா தன் மந்திரிக்கு எதிரியைவிடப் பெரிய இடைஞ்சல்.

1. ஏ5. கறுப்பு மந்திரி எஃப்8 என்று போய்ச் சி5-ஐக் குறிவைக்கிறது. வேறு எது ஆடினாலும் சிப்பாய் நேராக ஓடிவிடும். 2. ராஜா டி5! சி5-உம் டி6-உம் அடைபட்டன. அவசரப்பட்டு ஏ6 ஆடியிருந்தால் மந்திரி சி5-இல் வந்து அமர்ந்திருக்கும். 2... மந்திரி எச்6, இப்போது இ3-யும் எஃப்4-உம் குறி. ராஜா இ4-க்குத் திரும்பினால் இரண்டும் அடைபடும். ஆனால் மந்திரி மீண்டும் எஃப்8-க்கே போய்விடும். 3. ஜி5 செக்! சிப்பாய் ஒரே நேரத்தில் ராஜாவையும் மந்திரியையும் தாக்குகிறது. ராஜா வெட்டினால், அது ஜி5-இல் நின்று மந்திரியின் சாலையை அடைத்துவிடும். ஏ6, ஏ7 என்று சிப்பாய் போய்விடும். மந்திரி வெட்டினால், 4. ராஜா இ4! இ3-யும் எஃப்4-உம் சேர்ந்து அடைபட்டன. டி8-க்குத் திரும்பி ஏ5-ஐத் தாக்கலாமே என்றால், எஃப்6-இல் நிற்கும் சொந்த ராஜா வழிவிடாது. 4... மந்திரி எச்4 என்று கடைசியாக ஒரு முயற்சி, எஃப்2-வும் ஜி3-யும் குறி. 5. ராஜா எஃப்3! இரண்டும் அடைபட்டன. மந்திரி இ1-க்குப் போய் ஏ5-ஐத் தாக்கினால் சிப்பாய் ஏ6-க்கு நகர்ந்துவிடும். அதன்பின் மந்திரி எஃப்2-க்கோ ஜி3-க்கோ வந்தால் ராஜா வெட்டிவிடும்.

ஜி சிப்பாயை யாரும் ராணியாக்கப் போவதில்லை. அது மந்திரியை ஒரு கட்டம் இழுப்பதற்காகவே பலகையில் இருக்கிறது. புதிர் அமைப்பவர்கள் காரணமில்லாமல் ஒரு காயை வைக்க மாட்டார்கள். எனவே தீர்க்கும்போது ஒவ்வொரு காயையும் சுட்டி, இது எதற்காக இங்கே இருக்கிறது என்று கேட்பது குறுக்குவழி போலத் தோன்றினாலும் நேர்மையான வழிதான். உண்மையான ஆட்டத்தில் மட்டும் இந்தக் கேள்வி உதவாது. அங்கே சிப்பாய்கள் காரணமில்லாமலும் நிற்கும்.

நான்காம் படி: எதிரெதிர் நிற மந்திரிகள்

இரு மந்திரிகளும் வெவ்வேறு நிறங்களில் ஓடும்போது, காப்பவருக்கு ஒரு நிறம் முழுக்கச் சொந்தம். தாக்குபவரின் மந்திரி அங்கே எட்டிப் பார்க்கவும் முடியாது. அதனால்தான் இரண்டு சிப்பாய்கள் குறைவாக இருந்தும் டிரா செய்யும் நிலைகள் இந்த வகையில் மிகுதி. ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளையிடம் டி5, இ5 கட்டங்களில் அடுத்தடுத்த சிப்பாய்களும் வெள்ளைக் கட்ட மந்திரியும் இருக்கின்றன. கறுப்பு ராஜா இ7, கறுப்புக் கட்ட மந்திரி சி7. கறுப்பு மந்திரி சி7-க்கும் பி8-க்கும் மாறி மாறி நகர்ந்தாலே போதும். அது எப்போதும் இ5-ஐத் தாக்கிக்கொண்டிருப்பதால், இ5-ஐத் தன் மந்திரியால் காக்க முடியாத வெள்ளை, ராஜாவையே அதற்குக் காவல் வைக்க வேண்டியிருக்கிறது. ராஜா வேறெங்கும் சுற்றிவர முடியாது. டி6 ஆடினால் மந்திரி வெட்டி, இ சிப்பாய் திரும்ப வெட்ட, ராஜா அதையும் வெட்டி டிரா. இ6 ஆடினால் இரு சிப்பாய்களும் வெள்ளைக் கட்டங்களில் நின்றுவிடும். மந்திரி டி6-இல் அமர்ந்துகொண்டால் ஒருபோதும் நகராது. இதே சிப்பாய்கள் டி6, இ6 வரை வந்துவிட்டிருந்தால் கதை வேறு: அங்கே காப்பவருக்கு இடம் போதாது, தாக்குபவர் வெல்வார்.

சிப்பாய்கள் பிரிந்து நின்றால் கணக்கு மாறுகிறது. காப்பவரின் மந்திரி ஒரே மூலைவிட்டத்தில் நின்றபடி இரண்டு சிப்பாய்களையும் தடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பெரும்பாலும் டிரா. இரண்டு சிப்பாய்களும் தள்ளித் தள்ளி நின்று, மந்திரி ஒன்றையும் ராஜா மற்றொன்றையும் கவனிக்க வேண்டிவந்தால், தாக்குபவரின் ராஜா, எதிரி மந்திரி தடுத்துக்கொண்டிருக்கும் சிப்பாயின் பக்கம் போய்ச் சேர்ந்து வெல்லும். அப்படிப் போய்ச் சேர ஒரு நகர்வு மிச்சம் பிடிப்பது எப்படி என்பதற்கு, 1998-இல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில் வெசலின் டோப்பலோவுக்கு எதிராக அலெக்சேய் ஷிரோவ் ஆடிய 47ஆவது நகர்வைவிடச் சிறந்த சான்று கிடையாது.

அந்த நிலையை அடுக்குங்கள். வெள்ளை, டோப்பலோவ்: ராஜா ஜி1, மந்திரி சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பு, ஷிரோவ்: ராஜா இ6, மந்திரி எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. கறுப்பு ஆட வேண்டும். விடையைப் படிக்குமுன் பத்து நிமிடமாவது பலகையைப் பாருங்கள்.

கறுப்பிடம் இரண்டு சிப்பாய்கள் கூடுதல். ஆனால் எதிரெதிர் நிற மந்திரிகள். ஏ4-உம் டி5-உம் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கின்றன. கறுப்பு ராஜா இ4, டி3 என்று இறங்கிவிட்டால் வெற்றி. வெள்ளை ராஜா எஃப்2, இ3 என்று வந்துவிட்டால் அந்த வழி அடைபடும். ஆகவே இது ஓட்டப்பந்தயம். கறுப்பு ராஜாவின் வழியில் நிற்பது யார்? எஃப்5-இல் நிற்கும் தன் மந்திரிதான். அதை இ4-க்கு நகர்த்தினால் எஃப்5 காலியாகும், ஆனால் ராஜா போக வேண்டிய இ4-ஐ அது பிடித்துக்கொள்ளும்; ஜி2 சிப்பாய் ஜி3-க்கு நகர, வெள்ளை ராஜாவுக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும். மந்திரி வழியை விட்டும் விலக வேண்டும், வெள்ளைக்கு ஒரு நகர்வைச் செலவும் செய்ய வைக்க வேண்டும்.

47... மந்திரி எச்3! பாதுகாப்பே இல்லாத கட்டத்தில், சிப்பாய் வெட்டும் இடத்தில் மந்திரியை வைத்தார். 48. சிப்பாய் வெட்டி எச்3 – ராஜா எஃப்5. 49. ராஜா எஃப்2 – ராஜா இ4. வெள்ளை ராஜா இ3-க்கு வர முடியாது, ஓட்டத்தில் தோற்றுவிட்டது. 50. மந்திரி வெட்டி எஃப்6 – டி4! இந்தச் சிப்பாய் நகர்வு முன்னேறுவதோடு, எஃப்6-இல் நிற்கும் மந்திரியின் மூலைவிட்டத்தையும் அடைக்கிறது. 51. மந்திரி இ7 – ராஜா டி3. 52. மந்திரி சி5 – ராஜா சி4. 53. மந்திரி இ7 – ராஜா பி3. டோப்பலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். தொடர்ந்து ஆடியிருந்தால்: 54. மந்திரி சி5 – டி3. 55. ராஜா இ3 – ராஜா சி2. 56. மந்திரி பி4, டி2-வையும் ஏ3-யையும் ஒரே மந்திரி காக்கிறது, 56... ஏ3! 57. மந்திரி வெட்டி ஏ3 – டி2. டி சிப்பாய் ராணியாகிறது.

மந்திரியை வெட்டாமல் 48. ராஜா எஃப்2 என்று ஆடினால்? ராஜா எஃப்5, 49. ராஜா எஃப்3, இ4-ஐ அடைக்கும் எண்ணத்தோடு, 49... மந்திரி ஜி2-ஐ வெட்டிச் செக். 50. ராஜா வெட்டி ஜி2 – ராஜா இ4. மீண்டும் ஒரு நகர்வு முன்னால். ஒரு முழு மந்திரியைக் கொடுத்து வாங்கியது ஒரே ஒரு நகர்வு. வழியில் நிற்பது தன் காயே என்று கண்டுகொண்டவருக்கு மட்டுமே எச்3 என்ற கட்டம் கண்ணில் படும். செக், வெட்டு, மிரட்டல் என்று வழக்கமான பட்டியலைப் போட்டுத் தேடுபவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

ஐந்தாம் படி: நகர்வுகள்

இவ்வளவுக்கும் பிறகுதான் நகர்வுகளைத் தேட வேண்டும். நோக்கம் தெரிந்துவிட்டதால் பட்டியல் சிறிதாகவே இருக்கும். நான் மூன்று வகையை மட்டும் தேடுவேன்: வழியை மறிக்கும் காயை அகற்றும் நகர்வு, எதிரி மந்திரியை ஒரு கட்டம் இடம்பெயர்க்கும் நகர்வு, ஒன்றும் செய்யாமல் முறையை மட்டும் எதிரியிடம் தள்ளும் காத்திருப்பு நகர்வு. மூன்றாவது வகை உண்டாக்கும் நிலையை ஆங்கில நூல்களும் ஜெர்மன் சொல்லாலேயே சுக்ஸ்வாங் என்று குறிக்கின்றன: நகர்ந்தாக வேண்டும் என்பதே தண்டனையாகும் நிலை. சென்டுரினியின் சி5 இந்த வகையின் நெருங்கிய உறவு.

எதிரியின் பதிலைத் தேடும்போது கருமித்தனம் கூடாது. உங்கள் விடையை உடைக்க வந்தவராக உங்களையே நினைத்துக்கொண்டு, எதிரி தன் மந்திரியைச் சிப்பாய்க்காகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டாயம் பாருங்கள். முதலில் சொன்ன என் ஆட்டத்தில் அதை மட்டும் பார்த்திருந்தால் ஜி5-ஐ அவருக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க மாட்டேன். மறுபக்கமும் உண்டு: கிடைத்த சிப்பாயை மந்திரியால் கொறிக்கப் போய் மாட்டிக்கொள்வது. 1972-இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில், இரு பக்கமும் மந்திரியும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய அமைதியான நிலையில், பாபி ஃபிஷர் 29ஆவது நகர்வாகத் தம் மந்திரியால் எச்2 சிப்பாயை வெட்டினார். எதிரே ஆடிய போரிஸ் ஸ்பாஸ்கி ஜி3 என்று ஆடி வாசலைச் சாத்தினார். மந்திரிக்கு ஈடாக இரண்டு சிப்பாய்கள்தான் கிடைத்தன. ஆட்டம் தோல்வியில் முடிந்தது. ஓரச் சிப்பாயை வெட்டப் போகும் மந்திரி திரும்பி வரும் வழியை உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரும் எண்ணிப் பார்க்கத் தவறலாம்.

ஆறாம் படி: சரிபார்த்தல்

விடையை எழுதி முடித்த பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை உள்ள எல்லா நிலைகளுக்கும் இறுதி முடிவு முழுமையாகக் கணக்கிடப்பட்டு, டேபிள்பேஸ் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லிச்செஸ் தளத்தின் ஆய்வுப் பலகையில் நிலையை அடுக்கினாலே வெற்றியா டிராவா என்று ஒவ்வொரு நகர்வுக்கும் காட்டிவிடும். இங்கே சொன்ன சென்டுரினி நிலையில் ஐந்தே காய்கள். ஷிரோவின் நிலையில் பத்து, ஆகவே அதற்கு நகர்வுகளைக் கணக்கிடும் வழக்கமான எஞ்சின் நிரல்தான் துணை.

டேபிள்பேஸை விடைத்தாளாக மட்டும் பயன்படுத்துவது வீண். நிலையை ஒரு கட்டம் மாற்றிப் பாருங்கள். மூன்றாம் படியில் உள்ள புதிரில் வெள்ளை ராஜாவை இ4-க்குப் பதிலாகச் சி4-இல் வைத்து அதே ஏ5-ஐ ஆடுங்கள். மந்திரி எஃப்8 என்றால் ராஜா டி5, பழைய கதைதான். மந்திரி எச்6 என்று ஆடினால்? ஜி5 செக் கொடுத்தாலும் மந்திரி வெட்டியபின் ராஜாவால் ஒரே நகர்வில் இ4-ஐ எட்ட முடியாது. மந்திரி இ3-இல் வந்து அமர்ந்துவிடும். அப்படி மாற்றி மாற்றி அடுக்கி, எந்தக் கட்டத்தில் வெற்றி டிராவாகிறது என்று குறித்துவைக்கும் நோட்டுப் புத்தகம் ஒன்று என் மாணவர்கள் எல்லோரிடமும் உண்டு. நான்கு வரி எழுதினாலே ஒரு பக்கம் நிறைந்துவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு புதிர் என்பதே கணக்கு.